பட்டியலில் இருக்கிறாள், தேடினால் இல்லை

போன வாரம் எங்கள் ஊர் கிளினிக்கில் ஒரு பெண் காணாமல் போய்விட்டாள்.

பதற வேண்டாம். போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகவில்லை. ஏனென்றால் காணாமல் போனவள் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். நல்ல காய்ச்சல். சேலைத் தலைப்பைக் காது மூடப் போர்த்திக்கொண்டு புருஷன் தோளில் சாய்ந்திருந்தாள். பெயர் சகாய மேரி. எதிரே மேஜையில் பாக்கியம். கிளினிக்குக்கு வருகிறவர்களின் பெயரைப் பதிந்து உள்ளே அனுப்புகிறவள். அவள் முன்னால் ஒரு கம்ப்யூட்டர்.

"சகாய மேரின்னு யாருமே இல்லையே" என்றாள் பாக்கியம், சகாய மேரியைப் பார்த்துக்கொண்டே.

சகாய மேரிக்குப் பிறந்த ஊர் வடமதுரை. கட்டிக்கொடுத்த இடம் பழனிப் பக்கம் பாலசமுத்திரம். புருஷன் அந்தப் பக்கத்து மனிதர் அல்லவா... கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் காட்டினார்.

"ஏனுங்க, இதா உக்காந்திருக்குதுங்களே. இல்லைன்னா எப்படிங்க?"

"நான் சொல்லலைங்க. கம்ப்யூட்டர் சொல்லுது."

கவனித்தீர்களா? இந்தக் கம்ப்யூட்டர் வந்த பிறகு எந்த மேஜையிலும் யாரும் எதையும் 'சொல்வதில்லை'. எல்லாம் அதுதான் சொல்கிறது. பாவம், அதற்கு வாயும் இல்லை.

விஷயம் சிரிப்பாக இல்லை. போன வருஷம் இதே டாக்டர் இதே சகாய மேரிக்கு ஓர் ஊசி போட்டு, அது சேராமல், முகமெல்லாம் வீங்கிப் போயிற்றாம். எந்த ஊசி என்று டாக்டர் அப்போதே கம்ப்யூட்டரில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது அந்த ஊசியின் பெயர் அவளுக்கும் தெரியவில்லை, அவள் புருஷனுக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் கம்ப்யூட்டர். அது ஆளே இல்லை என்கிறது. டாக்டர் ஊசியே வேண்டாமென்று மாத்திரையை மட்டும் கொடுத்து, வடமதுரையில் அம்மா வீட்டிலேயே இருக்கச் சொல்லி அனுப்பிவைத்தார்.

நான் முழங்கால் வலியைக் காட்டாமலே எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்று கேட்கிறீர்களா? அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஆட்களை அடுக்கிவைத்த புண்ணியவதி என் மருமகள்.

லில்லி. ஊருக்குள் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா சொல்லிக்கொடுக்கிறாள். பெண் பார்த்த காலத்தில் என் மகன் சார்லஸ் ஒரே பிடியாக நின்றான் — கம்ப்யூட்டர் படித்த பெண்தான் வேண்டும் என்று. தேடித் தேடிப் பிடித்தோம். கல்யாணம் முடிந்தது. உடனே அவனுக்கு ஒரு ஞானம் வந்தது. தன் பெயிண்ட் கடையில் கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் இல்லை! பெயிண்ட் டப்பாவை எடுத்துக் கொடுத்து சில்லறை வாங்கிப்போட ஜாவா படித்த பெண்ணைத் தவிர வேறு யாருக்கு முடியும், சொல்லுங்கள்?

லில்லி முடியாது என்று சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்கிற பெண் இல்லை. டாக்டருக்கு ஒரு புரோகிராம் எழுதித் தருவதாக அப்போதுதான் ஒத்துக்கொண்டிருந்தாள். "இது நெலச்சு நிக்குதான்னு பாப்போங்க. டாக்டர் வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டா, மறு பேச்சு பேசாம கடைக்கு வந்துர்றேன்" என்றாள். சார்லஸ் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சம்மதித்தான். கடைக்கு ஒரு புது நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டான். பெண்டாட்டியின் திறமையில் அவ்வளவு நம்பிக்கை.

அந்தப் புரோகிராம் எழுதிய கதையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவள் மேஜையில் உட்கார்ந்து தட்டுவாள். நான் கீழே உட்கார்ந்து வெஞ்சனத்துக்கு அவரைக்காய் ஆய்வேன். அவளுக்குத் தனக்குத்தானே பேசிக்கொள்கிற பழக்கம் உண்டு. தனியாகப் பேசுகிறாள் என்று பேர் வரக் கூடாதே... அதற்காக நான் 'ம்' கொட்டுவேன்.

"அத்தை, ஒரு மேரி வந்தா, அது எந்த மேரின்னு எப்பிடிக் கண்டுபிடிப்பீங்க?"

"மூஞ்சியப் பாத்து."

"கம்ப்யூட்டருக்கு மூஞ்சி தெரியாதே."

நியாயம்தான். எங்கள் ஊர்ப் பக்கம் மேரி என்று கூப்பிட்டால் மாதா கோயிலில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெயர் மட்டும் போதாது. அதனால் மூன்றைச் சேர்த்தாள். பெயர், இனிஷியல், ஊர். மூன்றும் சேர்ந்து ஒரே சாவி. 'காம்போசிட் கீ' என்று அதற்குப் பெயராம். வடமதுரை எஸ். சகாய மேரி என்றால் வேறு யாரும் இல்லை, இவள்தான்.

கம்ப்யூட்டர் ஆளைத் தேடுகிற விதமே தனி. நம்மைப் போல முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரைக்கும் பார்த்துக்கொண்டே போகாது. மூன்றையும் கூட்டி ஏதோ ஒரு எண் போடும். அந்த எண்ணுள்ள அறைக்கு நேராகப் போய் நிற்கும். தபாலாபீசில் கடிதங்களைப் பிரித்துப் போட அறை அறையாகப் பலகை அடித்திருப்பார்களே, அந்த மாதிரி. இந்த அறைகள் மொத்தத்துக்கும் 'மேப்' என்று பெயர்.

இதிலே இரண்டு காரியத்தை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். ஒன்று — எந்த அறைக்குப் போவது? இரண்டு — அறையில் இருக்கிற ஆளும் நாம் தேடுகிற ஆளும் ஒன்றுதானா? இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால், காலையில் பதிந்த மேரியும் சாயங்காலம் தேடுகிற மேரியும் அச்சாக ஒரே மாதிரி இருந்தாலும், அவள் வேறு இவள் வேறு என்று அது சாதிக்கும்.

லில்லி முதல் தடவை இரண்டாவதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, முதலாவதை மறந்துவிட்டாள். ஆளைப் பார்த்தால் அடையாளம் தெரியும், ஆனால் போகிற அறைதான் எப்போதும் தப்பு. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். பார்த்தால் நன்றாகப் பேசுவார். வீடு தேடி வரத்தான் வழி தெரியாது. ஆதலால் எனக்கு இது உடனே புரிந்துபோயிற்று. மத்தியானம் வரைக்கும் மண்டையைக் குடைந்து அதைச் சரிபண்ணினாள். அதற்குப் பிறகு புரோகிராம் கிளினிக்குக்குப் போயிற்று. மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை.

இப்போது என்ன வந்தது?

சகாய மேரி காணாமல் போன அன்று சாயங்காலம் லில்லி வகுப்பு முடிந்து நேராகக் கிளினிக்குக்குப் போனாள். மொத்தப் பெயர்ப் பட்டியலையும் அச்சடித்துப் பார்த்தாள். சகாய மேரி இருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு பாக்கியம் கவனமாக மாற்றிவைத்த புது இனிஷியலோடும், பாலசமுத்திரம் என்ற புது ஊரோடும் ஜம்மென்று இருக்கிறாள். சரி, அதே பெயரைத் தட்டித் தேடினாள். இல்லை. பழைய இனிஷியல், வடமதுரை என்று தட்டினாள். அதுவும் இல்லை.

பட்டியலில் இருக்கிறாள். தேடினால் இல்லை.

எல்லாவற்றையும் ஒரு பிளாப்பியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, எங்கள் கம்ப்யூட்டரில் போட்டுத் தேடினாள். முதல் தட்டிலேயே சகாய மேரி வந்து நின்றாள், ஊசிப் பெயரோடு! வீட்டில் பரம சாது, வெளியே போனால்தான் சண்டித்தனம் என்று சில பிள்ளைகள் இருக்குமே... அந்தக் குணம் புரோகிராமுக்கும் வந்துவிட்டது.

உடனே டாக்டருக்குப் போன் பண்ணி ஊசியின் பெயரைச் சொன்னாள். டாக்டர் நல்லவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இன்னைக்கு நீ இருந்தம்மா, கண்டுபிடிச்சுச் சொல்லிட்ட. நாளைக்கு நான் யாரக் கேக்கறது? ஆள் எதுக்க உக்காந்திருக்கும்போதே இல்லைங்குது. திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன். சரியாகலைன்னா பழையபடி அட்டை எழுதிக்கிறோம்."

லில்லி போனை வைத்தாள். சார்லஸ் பேசினான். "விடு லில்லி. பெயிண்ட் டப்பா எங்கயும் காணாமப் போவாது. வச்ச எடத்துல இருக்கும்" என்றான். ஆறுதல் சொல்கிறானாம்.

அதோடு விட்டானா? அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள், கடையில் எந்தக் கம்பெனி பெயிண்ட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு பாடமே நடத்திவிட்டான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினாள். ஏதாவது சொல்லலாம் என்றால், எனக்கு நாலு பேர் முன்னால்தான் வாய் வராது என்று நினைத்திருந்தேன்... பெற்ற மகன் முன்னாலும் வரவில்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் லில்லி கம்ப்யூட்டரைவிட்டு எழுந்திருக்கவில்லை. எத்தனை தடவை தேடினாலும் எங்கள் வீட்டில் சகாய மேரி இருந்தாள். இருக்கிற ஆளைப் பார்த்து இப்படி அழுகிறவளை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வெளியே வருகிறோம். வாசலில் பாக்கியம். அவள் பங்குக்கு அவளும் பயந்துபோயிருந்தாள். சகாய மேரி மட்டும் இல்லையாம், கொஞ்ச நாளாகவே நாலைந்து பேர் இப்படித்தான் இல்லை இல்லை என்று வருகிறார்களாம். திட்டு விழுமே என்று வெளியே சொல்லாமல் புதுசாகப் பதிந்து பதிந்து அனுப்பியிருக்கிறாள்.

"எல்லாம் அந்த இன்வெர்ட்டர் வந்த நேரம் லில்லி டீச்சர். செவ்வாக்கிழமை கொண்டாந்து மாட்டுனாக. நான் அப்பவே சொன்னேன், புதன்கிழமை மாட்டுங்கன்னு. கேட்டாகளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. லில்லிக்கு வரவில்லை. நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பாக்கியக்கா, இன்வெர்ட்டர் வந்த பெறகு கம்ப்யூட்டர ஆஃப் பண்ணுனீங்களா?"

"எதுக்கு ஆஃப் பண்ணணும்? கண்ட மாதிரி ஆஃப் பண்ணுனா கெட்டுப்போகும்னு நீங்கதான சொன்னீங்க? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. ராத்திரி மேல ஒரு துணியப் போட்டு மூடிட்டுப் போயிருவேன்."

லில்லி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாளோ இல்லையோ, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அதற்குள்ளேயே எனக்கு ஓர் அட்டை போட்டாள். ஞானப்பூ — அதாவது நான். என் அப்பாவின் இனிஷியல். பிறந்த ஊர் நெய்க்காரப்பட்டி. தேடினாள். வந்தேன். பிறகு எனக்குக் கல்யாணம் பண்ணிவைத்தாள்! இனிஷியலை அழித்து என் வீட்டுக்காரர் இனிஷியல் போட்டாள். நெய்க்காரப்பட்டியை அழித்துத் திண்டுக்கல் போட்டாள். கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அப்படியே தேடினாள்.

"அத்தை, நீங்க காணாமப் போயிட்டீங்க" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. மாமியார் காணாமல் போனதில் ஒரு மருமகளுக்கு இம்புட்டுச் சந்தோஷமா என்று நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு விளக்கினாள். என்னை முதலில் பதியும்போது, அப்பா இனிஷியலையும் நெய்க்காரப்பட்டியையும் கூட்டி, அதற்கு உண்டான அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தது. பிறகு நான் உட்கார்ந்திருக்கும்போதே என் மேலிருந்த எழுத்தை மாற்றிவிட்டார்கள். ஆனால் என்னை அந்த அறையிலிருந்து யாரும் எழுப்பவில்லை. புதுப் பெயரைச் சொல்லித் தேடினால், கம்ப்யூட்டர் புது அறைக்குப் போகிறது. அங்கே நான் இல்லை, வந்து சேரவே இல்லையே. பழைய பெயரைச் சொல்லித் தேடினால், சரியான அறைக்குத்தான் போகிறது. அங்கே நான் இருக்கிறேன். ஆனால் என் மேல் வேறு எழுத்து இருக்கிறது. 'இது அவள் இல்லை' என்று திரும்பிவிடுகிறது.

பிறந்த வீட்டில் தேடினால் — ஆள் இருக்கிறாள், அவள் இவள் இல்லை. புகுந்த வீட்டில் தேடினால் — அவள்தான் இவள், ஆனால் ஆள் இல்லை. மொத்தமாகத் தலையை எண்ணும்போது மட்டும் கணக்கில் வருவாள்.

இதைத் தெரிந்துகொள்ள ஜாவா வேறு படிக்க வேண்டுமா? கல்யாணமாகி முதல் வருஷம் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாளே.

அப்படியானால் முன்பெல்லாம் எப்படிச் சரியாக இருந்தது? அங்கேதான் நம் ஊர்க் கரண்ட்டின் மகிமை. தினம் ஒரு தடவையாவது போகும். கம்ப்யூட்டர் அணையும். திரும்ப வந்ததும் எல்லா ஆட்களையும் மறுபடி முதலிலிருந்து எடுத்து, இப்போது என்ன பெயரோ அந்தப் பெயருக்கு உண்டான அறையில் உட்காரவைக்கும். எல்லாரும் அவரவர் இடத்தில் சரியாக இருப்பார்கள். என் மருமகள் விட்ட பிழையை அத்தனை மாதமும் தினந்தோறும் திருத்திக்கொண்டிருந்தது கரண்ட் கட்! நாம் என்னடாவென்றால் அதைத் திட்டிக்கொண்டிருந்தோம். நன்றி கெட்ட ஜனங்கள்.

டாக்டர் இன்வெர்ட்டர் வாங்கினார். கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் அணையவில்லை. பிழை வெளியே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. லில்லியும் ஒவ்வொரு தடவையும் புதுசாகப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். அதனால்தான் இங்கே சகாய மேரி சொன்ன பேச்சுக் கேட்டாள்.

பாக்கியம் சொன்ன நாலைந்து பேரையும் லில்லி எடுத்துப் பார்த்தாள். அத்தனை பேரும் புதுசாகக் கல்யாணமான பெண்கள். "ஒரு ஆம்பளைகூடக் காணாமப் போகலை அத்தை" என்றாள். எப்படிப் போவார்கள்? பிறந்தபோது வைத்த இனிஷியல், பிறந்த ஊர்... சாகும்வரைக்கும் அதே அறை. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சார்லஸ் மத்தியானம் சாப்பிட வந்தவன் இதையெல்லாம் கேட்டுவிட்டு உடனே தீர்ப்பு சொல்லிவிட்டான். "மாத்தும்போது பழைய எடத்துல இருந்து தூக்கிப் புது எடத்துல வையி. அம்புட்டுத்தான? அதுக்கா இந்தப் பாடு?"

"வைக்கலாங்க" என்றாள் லில்லி. "வச்சாலும் நிக்காது. நாளைக்கு அவ பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவா. அங்க இருந்து டாக்டர்ட்ட வந்தா வடமதுரைன்னுதான் சொல்லுவா. ரேஷன் கார்டுல புருசன் இனிஷியல் இருக்கும், ஸ்கூல் சர்டிபிகேட்ல அப்பா இனிஷியல் இருக்கும். கேக்குற அன்னைக்கு எது வாயில வருதோ அது. சாவின்னா ஒரு தடவ போட்டா மாறவே கூடாது. மாறுறத எல்லாம் சாவிக்குள்ள வச்சது என் தப்பு."

மாறக் கூடாது என்பதற்கு ஜாவாவில் ஒரு வார்த்தை இருக்கிறதாம் — ஃபைனல். அப்படி எழுதிவிட்டால் பிறகு எழுதினவளே நினைத்தாலும் மாற்ற முடியாதாம்.

நம்பர் சீட்டு கொடுத்துவிடலாமே என்பீர்கள். டாக்டர் அதையும் பார்த்துவிட்டார். பாதிப் பேர் சட்டைப் பையோடு சேர்த்துத் துவைத்துவிடுகிறார்கள். மீதிப் பேர் பக்கத்து வீட்டுச் சீட்டை எடுத்து வருகிறார்கள்.

சார்லஸ் சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னான்: "அப்ப நல்லாத் தேடு. பொம்பளைகளுக்குக் கல்யாணத்தால மாறாதது என்ன இருக்கு?"

நக்கலாகத்தான் கேட்டான். லில்லி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா பேரு" என்றாள். "பொறந்த ஊரு."

அவன் அதற்குமேல் சாம்பாரைப் பற்றி மட்டும் பேசினான்.

திங்கட்கிழமை காலையில் லில்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். முழங்காலைக் காட்டத்தான் என்று வெளியே பேச்சு. அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். சார்லஸ் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. வாசலிலேயே நின்றான். டாக்டர் வேண்டாமென்று சொன்ன கையோடு கடைக்குக் கூட்டிப்போகத்தான். அலைச்சல் மிச்சம் பாருங்கள்.

லில்லி புது ஏற்பாட்டைப் பாக்கியத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள். இனி சாவி வேறு. சொந்தப் பெயர், அம்மா பெயர், பிறந்த ஊர். இனிஷியலும் இப்போது இருக்கிற ஊரும் அட்டைக்குள் சும்மா ஒரு தகவல். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அறை மாறாது. பழைய ஆட்கள் வர வர, அம்மா பெயரைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டியது.

கேட்க என்ன, சுலபமாகத்தான் இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை.

பெண்கள் எல்லாரும் டக்கு டக்கென்று சொன்னார்கள். ஆண்கள்தான் நின்றார்கள். முதலில் வந்தவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெரியவர். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு, நல்ல வசதியான கை. பாக்கியம் அம்மா பெயரைக் கேட்டதும் அவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"எங்க அய்யன் பேரு சொல்றனுங்க. தாத்தன் பேரு வேணாலும் சொல்றனுங்க."

"அம்மா பேருதாங்க வேணும்."

"ஆத்தா பேருங்களா... எல்லாரும் பெரியவூட்டம்மான்னுதானுங்க கூப்புடுவாங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர், தங்கள் முறை வரப்போகிறது என்று தெரிந்ததும் மெதுவாக டீ குடிக்கக் கிளம்பினார்கள். பெரியவர் படியிறங்கிப் போய்விட்டார்.

டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். கூட்டம் அப்படியே நிற்கிறது. "என்னம்மா லில்லி, முன்னாடி பொம்பளைக மட்டும் காணாமப் போனாங்க. இப்ப ஆம்பளைகளும் ஓடுறாங்களே" என்றார். வாசலில் சார்லஸ் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். லில்லி என் கையைப் பிடித்தாள். பிடித்ததில் என் மோதிரம் என் விரலிலேயே பதிந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் சகாய மேரி வந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. புருஷன் கையில் மாத்திரைப் பை. டாக்டர் வெளியே வந்து தானே பாக்கியத்தின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அம்மா பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டுச் சேர்த்தார். பிறகு சோதனை ஆரம்பமாயிற்று. அவள் இனிஷியலை வாய்க்கு வந்தபடி மாற்றினார். ஊரைச் சென்னை என்றார். தேடினார். வந்தாள். இனிஷியலே இல்லாமல் அழித்தார். ஊரை டெல்லிக்குத் தூக்கினார். தேடினார். வந்தாள், சேராத ஊசியின் பெயரோடு. கம்ப்யூட்டரை ஒரு தடவைகூட அணைக்கவில்லை. இன்வெர்ட்டர் பாட்டுக்கு மூலையில் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரிய எதுக்குங்க டெல்லிக்கு அனுப்பறீங்க?" என்றார் புருஷன், அப்போதும் மரியாதையாக.

"எங்க அனுப்புனாலும் இனிமே கெடைச்சிருவாங்க" என்றார் டாக்டர்.

இதற்குள் ஒட்டன்சத்திரத்துப் பெரியவர் திரும்பி வந்துவிட்டார். எதிரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், ஊரிலிருக்கிற அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். வரிசையில் நிற்காமல் நேரே மேஜைக்கு வந்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

"செல்லாத்தாளுங்க" என்றார். பாக்கியம் தட்டி முடித்த பிறகும் நகரவில்லை. "செல்லாத்தாள்னு சரியா வந்திருக்குதுங்களா? ஒருக்காப் படிங்க" என்றார். பாக்கியம் படித்தாள். தோளில் கிடந்த துண்டைச் சரிபண்ணிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டெல்லாம் ஒன்றும் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, "அட்டை அடிக்க ஆர்டர் குடுத்திருந்தேன்ல பாக்கியம், அத வேணாம்னு சொல்லிரு. சரி, அடுத்தது யாரு?" என்றார்.

லில்லி என் கையை விட்டாள்.

அடுத்தது நான்தான்.

எனக்கு இந்த மேஜைகள் என்றாலே ஆகாது. எங்கே போனாலும் முதல் கேள்வி 'வீட்டுக்காரர் பேரு?' அதை நான் வாயால் சொன்னது கிடையாது. அவர் இருந்த காலத்திலும் இல்லை, போன பிறகும் இல்லை. ரேஷன் கார்டை நீட்டுவேன். இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்ப்பேன், அவர்கள் சொல்வார்கள். நான் யார் என்று எனக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பாக்கியம் மூன்று கேள்வி கேட்டாள். மூன்றும் என்னைப் பற்றியது. ஞானப்பூ என்றேன். சவரியம்மா என்றேன். நெய்க்காரப்பட்டி என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. வாசலில் நின்ற சார்லஸ் திரும்பிப் பார்த்தான்.

லில்லி அங்கிருந்தே கம்ப்யூட்டர் சென்டருக்கு நடந்து போய்விட்டாள். சார்லஸ் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிட்டு, தனியாகக் கடைக்குப் போனான்.

வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெயிண்ட் கடையில் கல்லாவுக்கு ஆள் தேவை. ஆணாக இருந்தால் நல்லது — இனிஷியல் மாறாது, ஊர் மாறாது, தொலைந்துபோகவும் மாட்டார்.